அக்கா படிப்புக்கு வாங்கிய கம்ப்யூட்டர் வீடியோ எடிட்டிங்குக்குத் தாங்குமா?

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அக்கா கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கிறது. இன்டெல் ஐ5 நான்காம் தலைமுறை, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அண்ணன் விசைப்படகில் தொழிலுக்குப் போகும்போது போனிலும், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு கோப்ரோ கேமராவிலும் எடுத்து வரும் காட்சிகளை வெட்டிச் சேர்த்து யூடியூபில் போட வேண்டும். 4கே கிளிப்பை எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கி வெட்டும் பட்டை) வைத்தவுடன் சத்தம் ஓடுகிறது, படம் திக்கித் திக்கி நிற்கிறது. கடையில் காட்டினால், "இது எடிட்டிங்குக்கு ஆகாது தம்பி, புதுசா போட்டுடுங்க" என்று ஒரு பெரிய தொகையை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது, 61 நாள் படகு கரையில்தான் கிடக்கும், சேர்ந்துபோன கிளிப்பையெல்லாம் அப்போதுதான் எடிட் செய்ய நேரம் கிடைக்கும், ஆனால் வீட்டில் பணம் இல்லாத நாட்களும் அவையே என்று எழுதியிருக்கிறார்.

ஆகவே "இந்தக் கம்ப்யூட்டருக்குச் சக்தி போதுமா" என்பது கேள்வியின் மேல்பகுதி மட்டும்தான். வருமானமில்லாத இரண்டு மாதத்துக்கு முன்னால் குடும்பம் கடன் வாங்கிப் புதிய இயந்திரம் வாங்க வேண்டுமா என்பதுதான் உண்மையில் அவர் கேட்பது. என் பதில்: வேண்டாம். நீங்கள் சொல்லும் வேலைக்கு இந்தக் கம்ப்யூட்டர் போதும். ஆனால் இப்போது செய்கிற மாதிரியே செய்தால் போதாது. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். காரணம் புரிந்தால், அடுத்த முறை கடைக்காரர் சொல்வதில் எது சரி, எது விற்பனைப் பேச்சு என்று நீங்களே பிரித்துப் பார்க்கலாம்.

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கம் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, ஏர்வாடி சந்தனக்கூடு என்று பல வருடங்களாக வீடியோ எடிட் செய்து வருகிறேன். மினி டிவி (MiniDV, டிஜிட்டல் வீடியோ) கேசட் காலத்தில் தொடங்கிய வேலை. அன்று பென்டியம் 4 கம்ப்யூட்டரில், இன்று ஒரு சாதாரண போனில் இருக்கும் ரேமில் பாதிகூட இல்லாமல், முழுக் கல்யாணத்தையும் எடிட் செய்து கொடுத்தோம். டைம்லைனில் எங்கே கிளிக் செய்தாலும் படம் உடனே வந்து நிற்கும். அதைவிடப் பல மடங்கு வேகமான உங்கள் ஐ5 இன்று ஏன் திணறுகிறது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. மினி டிவியில் வீடியோ நொடிக்கு 25 மெகாபிட். ஒரு மணி நேரக் கேசட் சுமார் 13 ஜிபி. முக்கியமானது அளவு அல்ல, அதில் ஒவ்வொரு ஃபிரேமும், அதாவது வீடியோவில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு நிலைப்படமும், தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருக்கும். ஒரு ஃபிரேமைக் காட்ட அந்த ஒன்றை மட்டும் விரித்தால் போதும்.

இன்றைய போனும் கோப்ரோவும் அப்படிப் பதிவு செய்வதில்லை. 4கே படத்தில் ஒரு ஃபிரேமுக்கு 3840 x 2160 புள்ளிகள், அதாவது ஏறக்குறைய 83 லட்சம். சுருக்காமல் வைத்தால் ஒரு ஃபிரேம் சுமார் 25 எம்பி, நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் சுமார் 750 எம்பி. போன் அதை நொடிக்குச் சுமார் ஆறு எம்பிக்குள், அதாவது 50 மெகாபிட்டுக்குள் (எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு எம்பி) அடைத்துவிடுகிறது. நூறு மடங்குக்கு மேல் சுருக்கம். இதை எப்படிச் சாதிக்கிறது என்றால், ஒரு முழு ஃபிரேமை வைத்துக்கொண்டு, அதற்கு அடுத்து வருபவற்றில் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதி வைக்கிறது. சில ஃபிரேம்கள் முன்னால் உள்ளதையும் பின்னால் வரப்போவதையும் சேர்த்துப் பார்த்தே உருவாகின்றன. வரிசையாக ஓடவிட்டுப் பார்க்க இது மிக நல்ல ஏற்பாடு. எடிட்டிங்கில் நாம் வரிசையாகப் பார்ப்பதில்லையே. நடுவில் கிளிக் செய்கிறோம், பின்னால் இழுக்கிறோம், வெட்டுகிறோம். ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் அந்தக் கூட்டத்தின் முதல் முழு ஃபிரேமுக்குப் போய், அங்கிருந்து விரித்துக்கொண்டே வர வேண்டும். நடுவலையில் சிக்கிய ஒரு மீனைப் பார்க்க வலையைத் தலைப்பிலிருந்து இழுத்து வருவது போலத்தான்.

எச்.264 என்ற சுருக்கமுறை 2003-ல் வந்தது. அதற்கு அடுத்தது எச்.265, எச்இவிசி என்றும் சொல்வார்கள், 2013-ல் வந்தது. அதே தரத்தை ஏறக்குறைய பாதி அளவில் அடக்கப் பார்க்கும், அதற்கு விலையாக விரிக்கும் வேலை அதிகம். இந்த வேலையைப் பிராசசரின் பொதுவான பகுதி செய்தால் மூச்சு வாங்கும். அதனால் பிராசசருக்குள்ளேயே இதற்கென்று ஒரு தனிச் சுற்று (சர்க்யூட்) வைக்கத் தொடங்கினார்கள். இன்டெல்லில் 2011-ல் வந்த இரண்டாம் தலைமுறையிலிருந்து அது உண்டு, குயிக் சிங்க் என்று பெயர். உங்கள் நான்காம் தலைமுறையில் இருக்கும் சுற்றுக்கு எச்.264 நன்றாகத் தெரியும். எச்.265-ஐ முழுமையாகக் கையாளும் சுற்று ஆறாம் தலைமுறையில்தான் வந்தது. நிறத்தைச் சாதாரண 8 பிட்டைவிட நுணுக்கமாகப் பதியும் 10 பிட் எச்.265-க்கு ஏழாம் தலைமுறையில். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் கம்ப்யூட்டர் எச்.264 கிளிப்பை ஓரளவு தாங்கும். எச்.265 கிளிப்பைத் தூக்கிப் போட்டால் பிராசசருக்குள் இருக்கும் நான்கு கோர்களும் (வேலை செய்யும் பகுதிகள்) முழு வேகத்தில் ஓடியும் பின்தங்கும். "கம்ப்யூட்டருக்குச் சக்தி போதுமா" என்பதற்குக் கம்ப்யூட்டரை மட்டும் பார்த்து யாரும் பதில் சொல்ல முடியாது என்பது இதனால்தான். எந்தக் கோப்பை அதில் வைக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். கடையில் அதை ஒருவரும் கேட்கவில்லை என்று உங்கள் கேள்வியிலிருந்து தெரிகிறது.

கடல் வீடியோவுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கல்யாண மேடையில் பின்திரை அசையாது, பொண்ணு மாப்பிள்ளை கொஞ்சம் அசைவார்கள். மாறியதை மட்டும் எழுதும் முறைக்கு அது சுலபம். கடலில் அசையாத இடமே இல்லை. அலை, நுரை, தண்ணீரில் மின்னும் வெயில், தெறிக்கும் சாரல், கூடவே படகின் ஆட்டம். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததுக்கும் பொருந்துகிற துண்டு கிடைப்பது கஷ்டம். அதனால் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற அளவை, குறைத்தால் முதலில் உடைவது கடல்தான், நுரை இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆகவே யார் என்ன சொன்னாலும், எடுக்கும்போது பிட்ரேட்டைக் குறைக்க வேண்டாம். குறைக்க வேண்டியது வேறு.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். மீடியாஇன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. கிளிப்பை அதில் போட்டால் எச்.264-ஆ எச்.265-ஆ, 8 பிட்டா 10 பிட்டா, நொடிக்கு எத்தனை ஃபிரேம், அது நிலையானதா மாறுகிறதா எல்லாவற்றையும் காட்டிவிடும். அப்புறம் எடிட்டிங் மென்பொருளில் அந்தக் கிளிப்பை ஓடவிட்டு, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராசசர் 100 சதவீதத்தில் முட்டி நிற்கிறதா, ரேம் நிறைந்துவிட்டதா, டிஸ்க் 100 சதவீதத்தில் கிடக்கிறதா, கிராபிக்ஸ் பகுதியில் வீடியோ டிகோட் என்ற வரைபடம் அசைகிறதா. பிராசசர் முட்டி, வீடியோ டிகோட் பூஜ்யத்தில் இருந்தால், தனிச் சுற்று வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். ரேம் நிறைந்து டிஸ்க்கும் ஓயாமல் ஓடினால் அது வேறு நோய், அதற்கு மருந்தும் வேறு. இந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். டைம்லைனில் திக்குவது ஒரு பிரச்சினை, கடைசியில் எக்ஸ்போர்ட் ஆக, அதாவது முடித்த வீடியோ ஒரே கோப்பாக எழுதப்பட, நேரம் எடுப்பது வேறு பிரச்சினை. முதலாவது வேலையைக் கெடுக்கும். எந்த ஃபிரேமில் வெட்டுகிறோம் என்று தெரியாமல் வெட்ட முடியாது, வலை மேலே வரும் அந்த நொடியைப் பிடிக்க முடியாது. இரண்டாவது பொறுமையைத்தான் கேட்கிறது. இரவு படுக்கப் போகும்போது எக்ஸ்போர்ட் போட்டுவிட்டால் காலையில் கோப்பு தயாராக இருக்கும். புதிய கம்ப்யூட்டர் வாங்கச் சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைக் காட்டித்தான் விற்கிறார்கள்: "இதுல பத்து நிமிஷத்துல முடிஞ்சுடும்." தினமும் இரண்டு மூன்று வேலை முடித்துக் கொடுக்கும் ஸ்டூடியோவுக்கு அந்தப் பத்து நிமிடம் காசு. வாரம் ஒரு வீடியோ போடப் போகிற உங்களுக்கு அது தேவையில்லை.

சரி, என்ன செய்வது? காசில்லாத வழி எடுக்கும் இடத்திலேயே தொடங்குகிறது. சாம்சங் போனில் கேமரா செட்டிங்கில் ஹை எஃபிஷியன்சி வீடியோ என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிட்டால் எச்.264-ல் பதிவாகும். ஐபோனில் ஃபார்மட்ஸ் பகுதியில் மோஸ்ட் கம்பாட்டிபிள். அப்படி வைத்தால் 4கே-யில் நொடிக்கு 60 ஃபிரேம் கிடைக்காது, 30 கிடைக்கும், உங்களுக்கு அதுவே தாராளம். எச்டிஆர் (வெளிச்ச வேறுபாட்டை அதிகமாகப் பிடிக்கும் முறை) பதிவையும் அணைத்துவிடுங்கள், அது 10 பிட்டுக்குக் கொண்டுபோய் விடும். இதோடு ஒரு கேள்வியையும் அண்ணனுடன் உட்கார்ந்து பேசுங்கள்: எல்லாவற்றையும் 4கே-யில்தான் எடுக்க வேண்டுமா? முழு எச்டி-யில் நான்கில் ஒரு பங்கு புள்ளிகள்தான். மீன்பிடி வீடியோ பார்ப்பவர்களில் பெரும்பாலோர் போனில் பார்க்கிறார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால், படகுக்குள் பேசுவது, சமைப்பது, வலை பிரிப்பது எல்லாம் முழு எச்டி. விடியல், பாம்பன் பாலத்தைக் கடப்பது, மீன் மேலே வருவது போன்ற சில காட்சிகள் மட்டும் 4கே. இறுதி வீடியோ முழு எச்டி-யாக இருந்தால் அந்த 4கே காட்சிகளில் படத்தை உள்ளே இழுத்துப் பெரிதாக்கவும் இடம் கிடைக்கும்.

ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் 4கே கிளிப்புகளுக்கு ப்ராக்ஸிதான் வழி. இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்ன அளவில், சுலபமாக விரியும் ஒரு நகலை மென்பொருளே உருவாக்கிக்கொள்ளும். நீங்கள் வெட்டுவது, ஒட்டுவது, இசை சேர்ப்பது எல்லாம் அந்த நகலை வைத்து. எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருள் தானாக அசல் கிளிப்புக்குப் போய்விடும், தரத்தில் எதுவும் குறையாது. பெரிய படங்களே இப்படித்தான் எடிட் ஆகின்றன, இது ஏழைகளுக்கான குறுக்குவழி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கேடன்லைவ், ஷாட்கட் என்ற இரண்டு எடிட்டிங் மென்பொருள்களிலும் ப்ராக்ஸி வசதி இருக்கிறது, இரண்டுமே முழுக்க இலவசம். நகல்களை உருவாக்கக் கம்ப்யூட்டருக்கு நேரம் பிடிக்கும், அதையும் இரவில் போட்டுவிடலாம். டிஸ்க்கில் இடம் தேவை, அதை மட்டும் கவனியுங்கள். கோப்ரோவில் இன்னொரு வசதியும் உண்டு. அசல் கோப்போடு எல்ஆர்வி என்று முடியும் ஒரு சின்னக் கோப்பையும் அது கார்டில் பதிந்து வைக்கும். பலர் குப்பை என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். அது அதே காட்சியின் குறைந்த அளவு நகல். அந்த எல்ஆர்வி என்பதை எம்பி4 என்று மாற்றினால் சாதாரண வீடியோவாக ஓடும். எந்தக் கிளிப் வேண்டும், எது வேண்டாம் என்று பார்த்துக் கழிக்க அதுவே போதும், பழைய லேப்டாப்பில்கூட ஓடும்.

ப்ராக்ஸியில்லாமல் இன்னொரு வழி, கிளிப்பையே எடிட்டிங்குக்கு ஏற்ற வேறு வடிவத்துக்கு மாற்றிவிடுவது. டிஎன்எக்ஸ்எச்ஆர், ப்ரோரெஸ் போன்றவை பழைய மினி டிவி மாதிரி ஒவ்வொரு ஃபிரேமையும் தனியாக வைத்திருக்கும். விரிப்பது மிகச் சுலபம். ஆனால் ப்ரோரெஸ் 422-ல் முழு எச்டி, நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் மணிக்கு 66 ஜிபி ஆகிவிடும். 1 டிபி டிஸ்க்கில் இந்தச் செலவு கட்டாது. உங்களுக்கு ப்ராக்ஸியே போதும். போன் கிளிப்புக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: போன்கள் நொடிக்கு 30 என்று சொன்னாலும் வெளிச்சம் குறையும்போது ஃபிரேம் இடைவெளியை மாற்றிக்கொள்ளும். விடியற்காலையில் எடுத்த கிளிப்பில் வாயசைவும் பேச்சும் போகப்போகப் பொருந்தாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். மீடியாஇன்ஃபோவில் ஃபிரேம் ரேட் மாறுகிறது என்று காட்டினால், முதலில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு, தரத்தை உயர்வாக வைத்து, மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள். ஷாட்கட் இப்படிப்பட்ட கிளிப்பைப் பார்த்தால் மாற்றிக்கொள்ளலாமா என்று தானே கேட்கும்.

இனி காசு செலவாகும் பகுதி. எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) போட்டால் எல்லாம் பறக்கும் என்று உங்களிடம் கட்டாயம் சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை. கோப்ரோவின் கிளிப் நொடிக்கு 100 மெகாபிட் என்று வைத்துக்கொண்டாலும் அது நொடிக்கு 12.5 எம்பிதான். உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க் வரிசையாகப் படிக்கும்போது நொடிக்கு ஏறக்குறைய 100 எம்பி கொடுக்கும். ஒரு கிளிப் திக்குவதற்கு டிஸ்க் காரணமல்ல, ஆகவே எஸ்எஸ்டி போட்டாலும் அந்தத் திக்கல் போகாது. ஆனால் விண்டோஸும் மென்பொருளும் அதே ஹார்ட் டிஸ்க்கில் இருந்துகொண்டு, ப்ராக்ஸி, தம்ப்நெயில், ஒலிக்கோடு என்று ஆயிரம் சின்னக் கோப்புகளுக்கு அலையும்போது அது சோர்ந்துவிடும். சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 500 எம்பி கொடுக்கும், அதைவிட முக்கியம் அந்த அலைச்சலே அதற்குக் கிடையாது. ஆகவே ஒரு 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி விண்டோஸ், மென்பொருள், நடப்பில் இருக்கும் வேலை, ப்ராக்ஸி ஆகியவற்றை அதில் வைத்து, அசல் கிளிப்புகளைப் பழைய டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். நாளைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் அந்த எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம், காசு வீணாகாது. ரேமை 16 ஜிபி ஆக்குவதையும் பரிந்துரைக்கிறேன். உங்கள் போர்டு டிடிஆர்3 வகை ரேம் எடுக்கும், ஒரே அளவில் இரண்டாகப் போடுங்கள். பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் அதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது, இரண்டு வழியில் படித்தால் அதற்கும் நல்லது. சென்னை ரிச்சி தெருவில் பழைய டிடிஆர்3 நிறையவே கிடைக்கும். தெரிந்தவர் யாராவது போகும்போது சொல்லி வாங்கினால் ஊர் விலையைவிடக் குறையும்.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் எனக்கு அவ்வளவு உறுதியில்லை, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1650 போன்ற ஒன்றைப் போட்டால் எச்.265 விரிக்கும் சுற்று அதோடு வந்துவிடும், பிராசசரின் குறை தீரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் எடிட்டிங் மென்பொருள் அந்தச் சுற்றைப் பயன்படுத்த வேண்டும், எல்லா மென்பொருளும் ஒரே மாதிரி பயன்படுத்துவதில்லை. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் தாங்க வேண்டும், பத்து வருடப் பழைய எஸ்எம்பிஎஸ் என்ன நிலையில் இருக்கிறது என்று இயந்திரத்தைத் திறந்து பார்க்காமல் நான் சொல்ல முடியாது. செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் அது எங்கே எவ்வளவு ஓடியது என்று விற்பவருக்கே தெரிந்திருக்காது. அதனால் இதைக் கடைசியாக வையுங்கள். ஒன்று மட்டும் நிச்சயம்: "2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, விலை கம்மி" என்று ஜிடி 710, ஜிடி 730 கொடுத்தால் வாங்க வேண்டாம். அவற்றில் எச்.265 விரிக்கும் சுற்றே இல்லை, உங்கள் பிராசசருக்குள் இருப்பதைவிட இந்த வேலையில் எதுவும் கூடுதலாகத் தராது. ஜிடி 1030 விரிக்கும், ஆனால் எக்ஸ்போர்ட் செய்ய உதவும் சுற்று அதில் கிடையாது. எந்தக் கார்டைப் போட்டாலும், பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருள்) உள்ள செட்டிங்கால் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் அணைந்துபோகலாம், குயிக் சிங்க்கும் அதோடு போகும். அதை மீண்டும் இயக்கச் சொல்லுங்கள்.

மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாக. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு அருமையான கருவி, நிறம் பார்க்க அதற்கு இணையில்லை, ஆனால் அது கிராபிக்ஸ் கார்டை நம்பி எழுதப்பட்டது, 16 ஜிபி ரேமையாவது எதிர்பார்க்கும். உங்கள் இயந்திரத்தில் அதை நிறுவி மனம் உடைய வேண்டாம். பிரீமியர் ப்ரோவின் குறைந்தபட்சத் தேவை சில ஆண்டுகளாகவே இன்டெல் ஆறாம் தலைமுறைக்குக் கீழே இறங்குவதில்லை. அதன் உடைத்த (கிராக் செய்த திருட்டு) பதிப்பை யாராவது பென்டிரைவில் கொடுத்தால் வாங்காதீர்கள். யூடியூப் கணக்கு லாகின் ஆகியிருக்கும் அதே கம்ப்யூட்டரில் அப்படி ஒன்றைப் போடுவது சேனலையே தூக்கிக் கொடுப்பதாக முடியலாம். ஷாட்கட்டில் தொடங்குங்கள், கை பழகியதும் கேடன்லைவ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இடம் கொடுக்கிறது. ஆகவே விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு அதில் கேடன்லைவ் வைத்துக்கொள்வதும் நல்ல யோசனை. ரிசால்வின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264 கோப்பையே திறக்காது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் யாராவது உங்களை அந்தப் பக்கம் அனுப்பிவிடுவார்கள்.

இனிச் சொல்லப் போவது நம் கரையில் இருப்பவர்களுக்கு மட்டும் பொருந்துவது. வெளியூர்க்காரர்கள் எழுதும் பதில்களில் இது வராது. எடிட்டிங் மற்ற வேலைகளைப் போல அல்ல. ப்ராக்ஸி, எக்ஸ்போர்ட் நேரத்தில் பிராசசர் மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓடும். சூடு 100 டிகிரியை நெருங்கினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். அக்கா பாட நோட்டு டைப் செய்த காலத்தில் இது வெளியே தெரிந்திருக்காது. பத்து வருடத்தில் பிராசசர் மேல் தடவிய, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், விசிறியின் கீழே உள்ள அலுமினியத் தகடுகளில் தூசி அடைத்திருக்கும். மே மாதத்தில் ஓட்டு வீட்டில் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் மதியம் எக்ஸ்போர்ட் போட்டால், புதுக் கம்ப்யூட்டரே வேகம் குறையும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சூட்டைப் பாருங்கள். எக்ஸ்போர்ட் ஓடும்போது 90-ஐத் தாண்டினால், வேறு எதற்கும் முன்னால் சுத்தம் செய்து புதிய பேஸ்ட் தடவுங்கள். அந்தச் சின்ன டியூபின் விலை ஒரு சாப்பாட்டுச் செலவுதான். சில இயந்திரங்கள் அதற்குப் பிறகு வேறொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடியதை நான் பார்த்திருக்கிறேன்.

நம் பக்கத்துத் தூசியில் உப்பு இருக்கிறது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஈரமான உப்புத்தூசி போர்டின் மேல் படிந்தால் மின்சாரம் போகக் கூடாத இடத்தில் கசியும், ரேமின் தங்க முனையிலும் போர்டின் ஈயப் பற்றுகளிலும் அரிப்பு பிடிக்கும். வாடைக்காற்று மாதங்களில் தீவில் இருந்து வருகிற பல கம்ப்யூட்டர்களில் திறந்தவுடன் பச்சை பூத்திருப்பதைப் பார்க்கலாம். கடலைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்திலிருந்து கேபினெட்டை நகர்த்துங்கள். தரையில் வைக்க வேண்டாம். துணியால் மூடி வைப்பதைவிடத் தினமும் கொஞ்ச நேரம் ஓடவிடுவது நல்லது, உள்ளே இருக்கும் சூடு ஈரத்தை விரட்டும். ஓடும்போது மட்டும் எதையும் போட்டு மூடாதீர்கள். ரேமைக் கழற்றி முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டினால், "திடீர்னு ஆஃப் ஆகுது" என்கிற தொல்லைகளில் சில அங்கேயே தீரும். கோப்ரோவும் போனும் கரைக்கு வந்ததும், கதவுகள் இறுக மூடியிருக்கிறதா பார்த்து, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். மெமரி கார்டை ஈரக் கையால் தொடக் கூடாது. கார்டு முனையில் உப்பு ஏறினால் அந்தப் பயணத்தின் காட்சி முழுவதும் போய்விடும், அதை எந்த எடிட்டராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

மின்வெட்டும் வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து மணி நேரம் ஓடிய எக்ஸ்போர்ட் ஒரு நொடி கரன்ட் போனதால் முதலிலிருந்து தொடங்குவது மனதை வெறுக்க வைக்கும். டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றால் கோப்புகளும் கெடும். ஒரு சாதாரண 600 விஏ யுபிஎஸ் சில நிமிடம் தாக்குப்பிடிக்கும், அடிக்கடி போய் வரும் கரன்ட்டுக்கு அதுவே போதும். பணம் கொஞ்சம்தான் இருக்கிறது, எஸ்எஸ்டியா யுபிஎஸ்ஸா என்று வந்தால், உங்கள் ஊரில் நான் யுபிஎஸ் பக்கம்தான் நிற்பேன். பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு எலெக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.

எக்ஸ்போர்ட்டில் கடல் காட்சிக்கென்று ஒரு குறிப்பு. முழு எச்டி, நொடிக்கு 30 ஃபிரேம் வீடியோவுக்கு யூடியூப் பரிந்துரைப்பது 8 மெகாபிட். பேசுகிற வீடியோவுக்கு அது சரி. யூடியூப் நாம் ஏற்றியதை மறுபடியும் சுருக்கும், ஏற்கெனவே நுரை உடைந்த வீடியோவை அது மேலும் உடைக்கும். அதனால் நான் கடல் காட்சிக்கு 16 முதல் 20 வரை வைப்பேன். கோப்பு பெரிதாகும், ஏற்ற நேரமாகும், அவ்வளவுதான். இது என் கண்ணுக்குப் பட்ட அனுபவம், விதியல்ல. ஒரே காட்சியை இரண்டு பிட்ரேட்டில் ஏற்றி உங்கள் போனிலேயே பார்த்து முடிவு செய்யுங்கள். படகின் ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷனைக் கம்ப்யூட்டரில் போடாதீர்கள், இந்த இயந்திரத்தை அது மண்டியிட வைக்கும். கோப்ரோவிலேயே அந்த வசதி இருந்தால் அங்கே ஆன் செய்து எடுத்து வரச் சொல்லுங்கள். இரவுக் காட்சியின் புள்ளி புள்ளியான இரைச்சலை நீக்கும் ஃபில்டரும் அப்படித்தான், மிக அவசியமான ஒரு துண்டுக்கு மட்டும் போடுங்கள்.

இந்தக் கம்ப்யூட்டர் எப்போது போதாது? நீங்கள் கல்யாண ஆர்டர் எடுக்கத் தொடங்கி, இரண்டு மூன்று கேமராவின் 4கே கோப்புகளை ஒரே டைம்லைனில் வைத்து, குறித்த தேதிக்குள் கொடுக்க வேண்டிய நிலை வந்தால் போதாது. இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் சிலவற்றில் நிற விவரம் அதிகமாக இருக்கும் 10 பிட் 4:2:2 என்ற வகையில் பதிவு செய்யும் வசதி உண்டு, அதை எடுத்து வந்து கொடுத்தாலும் போதாது. அந்த வகையில் எச்.265 கோப்பை விரிக்கும் சுற்று டெஸ்க்டாப் இன்டெல்லில் பதினோராம் தலைமுறையிலிருந்துதான் இருக்கிறது. அப்போது வாங்கும்போது பெயரில் ஐ5-ஆ ஐ7-ஆ என்பதைவிடத் தலைமுறையைக் கேளுங்கள். பழைய தலைமுறை ஐ7-ஐவிடப் புதிய தலைமுறை ஐ5 இந்த வேலையில் பல மடங்கு மேல். பெயர் எஃப் என்ற எழுத்தில் முடியும் பிராசசரில் உள்ளே கிராபிக்ஸ் இருக்காது, குயிக் சிங்க்கும் இருக்காது. விலை குறைகிறது என்று கடையில் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். எடிட்டிங்குக்கு எஃப் இல்லாததை வாங்கி, முதல் ஒரு வருடம் கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் ஓட்டலாம். அலுவலகங்களில் கழித்துக் கட்டிய பிராண்டட் கம்ப்யூட்டர்களைப் புதுப்பித்து விற்கிறார்களே, அவற்றில் எட்டாம் தலைமுறைக்கு மேல் கிடைத்தால் அதுவும் நல்ல தேர்வு. மெலிந்த கேபினெட் என்றால் பின்னாளில் சாதாரண உயரமுள்ள கிராபிக்ஸ் கார்டு உள்ளே போகாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தடைக்காலம் தொடங்கும் முன் செய்ய வேண்டியது இவ்வளவுதான் தம்பி: கம்ப்யூட்டரைத் திறந்து சுத்தம் செய்து பேஸ்ட் தடவுங்கள், மீடியாஇன்ஃபோவில் கிளிப்புகளைப் பாருங்கள், ஷாட்கட்டில் ப்ராக்ஸியை ஆன் செய்து ஐந்து நிமிட வீடியோ ஒன்றை முழுதாக முடித்து ஏற்றிப் பாருங்கள். அசல் கிளிப்புகளை இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு நகல் வைத்துவிடுங்கள், பத்து வருட ஹார்ட் டிஸ்க்கை நம்பி ஒரே இடத்தில் வைக்க முடியாது. அதற்குப் பிறகும் திக்கினால், மீடியாஇன்ஃபோ காட்டியதையும், ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் தெரிந்த பிராசசர், ரேம், டிஸ்க் அளவுகளையும், சூடு எத்தனை டிகிரி என்பதையும் இங்கே எழுதுங்கள். கிராபிக்ஸ் கார்டு யோசிக்கிறீர்கள் என்றால் எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் படத்தையும் போடுங்கள். அதைப் பார்த்தால் அது தாங்குமா என்று சொல்லிவிடலாம்.